நாலாவது சேனல் ஏன் காலி?
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சினிமாவின் சரவுண்ட் ஒலித்தடத்தைக் கம்ப்யூட்டரில் பிரித்துப் போட்டுப் பார்ப்பது. ஒலித்தடங்களைச் சோதித்துக் குறை சொல்வதுதான் 18 வருடமாக என் பிழைப்பு. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், ஒரு படத்தின் 5.1 தடத்தை ஆடாசிட்டி என்ற ஒலி சாஃப்ட்வேரில் திறந்தேன். ஆறு வரிசை வந்தது. நாலாவதில் ஒன்றுமே இல்லை, நேர்கோடு. டிராக் கெட்டுப்போயிருக்கிறதா, இல்லை நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

இரண்டும் இல்லை. பெரும்பாலான கோப்புகளில் ஆறு வரிசையும் இப்படித்தான் நிற்கும்: இடது, வலது, சென்டர், எல்.எஃப்.ஈ., இடது சரவுண்ட், வலது சரவுண்ட். நாலாவது ஆள் எல்.எஃப்.ஈ. (லோ ஃப்ரீக்வென்சி எஃபெக்ட்ஸ்). 5.1 என்பதில் அந்தப் புள்ளி ஒன்று இவர்தான். இடி, வெடி, மலைச்சரிவு, கப்பல் எஞ்சின் என்று அடிவயிற்றைத் தொடும் சத்தங்களுக்காகவே ஒதுக்கிய தடம். 120 ஹெர்ட்ஸுக்கு மேல் அவருக்கு ஜோலி கிடையாது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் அவர் தூங்கத்தான் செய்வார். அமைதியான படமாக இருந்தால் அரை மணி நேரம்கூட நேர்கோடாகவே போகும்.

அவர் விழித்திருக்கும் இடத்திலும் அலைவடிவம் கொஞ்சம் குள்ளமாகத் தெரியலாம். அதை வைத்து எடை போடாதீர்கள். கேட்கும்போது மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் தூக்கித்தான் இந்தத் தடத்தை ஒலிக்கவிட வேண்டும் என்பது ஏற்பாடு. திரையில் அந்த 10 டெசிபல் தெரியாது.

இதோடு சேர்ந்த ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எல்.எஃப்.ஈ. என்பது தடம், சப்வூஃபர் என்பது அடித்தொனியை ஒலிக்கும் ஸ்பீக்கர் பெட்டி. ஸ்பீக்கர்கள் சின்னதாக இருந்தால், மற்ற ஐந்து சேனல்களின் அடித்தொனியையும் ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பகிர்ந்து கொடுக்கும் கருவி) பிரித்தெடுத்து சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். 80 ஹெர்ட்ஸில் பிரிப்பது பரவலான வழக்கம். எனவே சப்வூஃபர் உறுமிக்கொண்டிருக்கும்போது நாலாவது வரிசை நேர்கோடாக இருந்தால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

அப்புறம், ஆறையும் சேர்த்து ஓடவிட்டு, மீட்டர் சிவப்பாகிறதே என்று பதறாதீர்கள். ஆடாசிட்டி ஆறையும் ஆறு மோனோ தடங்களாக நடுவில் குவித்து உங்கள் ஹெட்ஃபோனில் கொட்டுகிறது. நெரிசல் அங்கே வருகிறது, தடத்தில் இல்லை. 'சோலோ' பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள இன்னொரு கோப்பில் வசனம் இரண்டாவது வரிசையில் வருகிறது. சென்டர் மூன்றாவது அல்லவா?

ஆறு பேர் நிற்கும் வரிசை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வேவ் கோப்பில் நான் மேலே சொன்ன வரிசை. சினிமா ஒலிக்கலவை அறைகளில் இடது, சென்டர், வலது, இடது சரவுண்ட், வலது சரவுண்ட், கடைசியில் எல்.எஃப்.ஈ. என்று வைப்பது பழைய பழக்கம். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்கள் நிற்கும் வரிசை அது. ஏஏசி என்ற ஒலிச்சுருக்க முறையோ சென்டரை முதல் ஆளாக நிறுத்தும். கோப்பு கைமாறும்போது யாராவது ஒருவர் இதைக் கவனிக்காமல் விட்டால் வசனம் வலது பக்கம் போய் உட்கார்ந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு வந்த கோப்பு அந்த சினிமா வரிசையில் இருந்தது. எனக்கு அது தெரியாது. 'வலது சேனலில் வசனம் கொட்டிக்கிடக்கிறது, சென்டரில் வெறும் இசை, எல்.எஃப்.ஈ.யில் பறவைச் சத்தம், தடம் முழுக்கப் பிழை' என்று இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். மூத்தவர் முதல் வரியைப் படித்தார். "வரிசையைப் பார்த்தியா?" என்று கேட்டார். மீதியைப் படிக்கவே இல்லை.

அன்றிலிருந்து பெயர்ப்பலகையை நம்புவதில்லை, ஆளைப் பார்க்கிறேன். சென்டரை அடையாளம் காண்பது சுலபம். பேச்சுக்குப் பேச்சு மூச்சு விடும் இடைவெளி அலைவடிவத்தில் தெரியும். இடதும் வலதும் உடன்பிறந்தவர்கள் மாதிரி. முகஜாடை ஒன்று, ஆனால் அச்சு அசல் இல்லை. எல்.எஃப்.ஈ.யைப் பெரிதாக்கிப் பார்த்தால் மற்றவற்றில் நெருக்கமான சுருக்கம் இருக்கும் இடத்தில் இதில் சோம்பேறித்தனமான பெரிய அலைகள் இருக்கும். மிஞ்சிய இரண்டும் சரவுண்ட்.

கேள்வி: மீடியாஇன்ஃபோ, எஃப்எஃப்எம்பெக் போன்ற சாஃப்ட்வேர்கள் சில கோப்புகளை '5.1' என்றும் சிலவற்றை '5.1 சைடு' என்றும் சொல்கின்றனவே?

எஃப்எஃப்எம்பெக் அப்படிச் சொல்லும். சரவுண்ட் ஜோடிக்கு 'பின்னால்' என்று பெயர் எழுதியிருக்கிறதா, 'பக்கவாட்டில்' என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். உள்ளே இருக்கும் சத்தம் அதேதான். 7.1 (பக்கவாட்டில் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி) வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள். பெயரைப் பொறுத்து சத்தம் வேறு ஜோடி ஸ்பீக்கருக்குப் போகலாம்.

கேள்வி: '5.1' என்று அட்டையில் போட்டு, உள்ளே வெறும் ஸ்டீரியோவை ஊதிப் பெருக்கி வைத்திருக்கிறார்கள் என்று நண்பன் சொல்கிறான். சாஃப்ட்வேர் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஓரளவு முடியும். நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் வசனக் காட்சி ஒன்றை எடுத்து சென்டரை மட்டும் ஊமையாக்குவேன். ஒழுங்காகக் கலக்கப்பட்ட படத்தில் பேச்சு கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். மின்விசிறி, தெருச் சத்தம், பின்னணி இசை, அறையின் எதிரொலி, இவைதான் மிஞ்சும். இரண்டு பேர் வாயசைக்க, சுற்றிலும் உலகம் மட்டும் கேட்கும். கொஞ்சம் அமானுஷ்யமாக இருக்கும், ஒரு முறையாவது கேட்டுப் பாருங்கள். ஊதிப் பெருக்கிய தடத்தில் சென்டரை மூடினாலும் வசனம் இடது, வலது, சரவுண்ட் என்று நாலு பக்கமும் கணீரென்று நிற்கும்.

அடுத்து சரவுண்ட் இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றைத் தலைகீழாக்கி (மெனுவில் 'இன்வெர்ட்' என்று இருக்கும்) மற்றதோடு கலப்பேன். இரண்டும் ஒரே சத்தமாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மயான அமைதி வரும். அப்படி வந்தால் பின்னால் இரண்டு சேனல் என்று சொல்வது பெயருக்குத்தான், உள்ளே இருப்பது ஒன்று. ஆனால் இதை வைத்து மட்டும் போலி என்று தீர்ப்பு எழுதக் கூடாது. பழைய படங்களில் சரவுண்ட் ஒரே சேனலாகத்தான் இருந்தது. அந்த மூலத்திலிருந்து நேர்மையாக 5.1 எடுத்தாலும் பின்னால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாவது சோதனை கொஞ்சம் துப்பறியும் வேலை. கதவு அறைவது, கை தட்டுவது மாதிரி கூர்மையான ஒரு சத்தத்தைத் தேடிப் பிடியுங்கள். அந்த இடத்தை மில்லிசெகண்ட் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். முன்னால் உள்ள அதே வடிவம், அதே வளைவு நெளிவோடு, 10 முதல் 20 மில்லிசெகண்ட் தாமதமாக சரவுண்டில் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. முன்னால் வருவதைச் சற்றுத் தாமதித்துப் பின்னால் விட்டால் காதுக்கு இடம் விரிந்த மாதிரி இருக்கும். சுலபமான தந்திரம். இந்தத் தாமதம் இருந்தால் நான் முன்பு சொன்ன தலைகீழாக்கும் சோதனை முன்னுக்கும் பின்னுக்கும் பலிக்காது. முதலில் அந்தச் சில மில்லிசெகண்டை நகர்த்திச் சரிசெய்துவிட்டுக் கலக்க வேண்டும்.

நாலாவது, ஸ்பெக்ட்ரோகிராம்: எந்தத் தொனியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படம். சரவுண்ட் தடத்தில் மட்டும் 7000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது மாதிரி கருப்பாக இருந்தால், ஸ்டீரியோவைப் பழைய டால்பி புரோ லாஜிக் வழியாகப் பிரித்து எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த முறையில் சரவுண்டுக்கு அவ்வளவுதான் உயரம்.

இத்தனையிலும் தேறிவிட்டால் அசல்தானா? இல்லை. இப்போதைய அப்மிக்ஸ் (ஸ்டீரியோவை 5.1 ஆக்கும்) சாஃப்ட்வேர்கள் கெட்டிக்காரத்தனமானவை. வசனத்தைப் பிரித்து சென்டருக்கும் எதிரொலியைப் பின்னுக்கும் அனுப்புகின்றன. அவற்றை என்னாலும் சில சமயம் பிடிக்க முடிவதில்லை. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சரவுண்ட் காலியாக இருப்பதைப் பார்த்து 'போலி' என்று கடிதம் எழுதுகிறார்கள். காலியாக இருப்பது குற்றமில்லை. தேவையில்லாத இடத்தில் பின்னால் ஒன்றும் வைக்காமல் விட்ட கலவைக்காரரை நான் மதிக்கிறேன். படம் முழுக்க முன்னால் உள்ளதை நிழல் மாதிரி பின்தொடரும் சரவுண்ட்தான் என்னை உறுத்தும்.

கேள்வி: ஒரே படத்தின் ப்ளூரேயில் தரம் குறையாத தடம் ஒன்று, டால்பி டிஜிட்டல் தடம் ஒன்று. எஃப்எஃப்எம்பெக்கில் பிரித்து அளந்தால் டால்பி டிஜிட்டலில் வெடிச் சத்தம் அமுங்கியிருக்கிறது, மெல்லிய சத்தம் தூக்கலாக இருக்கிறது. இதைத்தான் மலிவான தடம் என்கிறார்களா?

இந்தக் குழியில் நான் விழுந்து எழுந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒப்பிட்டு, 'உச்சங்கள் நசுக்கப்பட்டுள்ளன, திரும்பச் செய்யவும்' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை அந்தப் படத்தின் கலவைப் பொறியாளர் போனில் வந்தார். வணக்கம்கூட இல்லை. "டிஆர்சியை அணைச்சீங்களா?"

விஷயம் இதுதான். டால்பி டிஜிட்டல் ஒலியோடு கூடவே ஒரு குறிப்பும் பயணம் செய்கிறது: 'இந்த இடத்தில் சத்தத்தை இவ்வளவு குறை, இந்த இடத்தில் இவ்வளவு கூட்டு' என்று. இதுதான் டிஆர்சி (டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன்), இரவில் மெல்ல வைத்துப் பார்ப்பவர்களுக்காகச் செய்த வசதி. ஒலி அப்படியேதான் இருக்கிறது. குறிப்பைப் பின்பற்றுவதா வேண்டாமா என்பது கேட்கும் கருவியின் இஷ்டம். எஃப்எஃப்எம்பெக் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் குறிப்பை மதித்து நடக்கும். அளப்பதற்காகப் பிரிக்கும்போது 'டிஆர்சி ஸ்கேல்' என்ற அமைப்பைப் பூஜ்யமாக்குங்கள். கட்டளையில் கோப்பின் பெயருக்கு முன்னால் அது வர வேண்டும், பின்னால் வந்தால் வேலை செய்யாது. நான் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி அளந்தபோது இரண்டு தடத்தின் உச்சங்களும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன. மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதில் வரவில்லை, அது நியாயம்தான்.

அணைத்த பிறகும் மொத்தத் தடமும் சீராக 4 டெசிபல் மாதிரி வித்தியாசப்பட்டால் அது வேறு சங்கதி. 'டயல்நார்ம்' என்று வசனத்தின் அளவைச் சொல்லும் எண் ஒன்றும் கோப்பில் உண்டு. அதில் 31 என்று இருந்தால் கருவி ஒன்றும் குறைக்காது. 27 என்றிருந்தால் அதை மதிக்கும் கருவி 4 டெசிபல் குறைக்கும். சீரான வித்தியாசம் என்றால் தரத்தைச் சந்தேகிக்காதீர்கள், வால்யூம் குமிழைத் திருப்பினால் போதும்.

கேள்வி: வசனம் கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் காது கிழிகிறது. இதை எண்ணாக அளந்து காட்ட முடியுமா?

முடியும். எஃப்எஃப்எம்பெக்கில் ஈபியூ ஆர்128 என்ற அளவீடு இருக்கிறது. மொத்தத் தடத்தின் உரப்பையும் கணத்துக்குக் கணம் மாறும் உரப்பையும் சொல்லும். ஒரு வேடிக்கை: அந்தக் கணக்கில் சரவுண்டுக்கு ஒன்றரை டெசிபல் கூடுதல் மதிப்பு உண்டு, எல்.எஃப்.ஈ.க்கு மதிப்பே இல்லை, சேர்ப்பதே கிடையாது. வீடே அதிரும் வெடியில் பாதி கணக்கில் வராமல் போவது இதனால்தான்.

உங்கள் கேள்விக்கு மொத்த எண் பயன்படாது. சென்டரை மட்டும் தனியே எடுத்து ஒரு வசனக் காட்சியை அளங்கள். பிறகு ஆறையும் சேர்த்துச் சண்டைக் காட்சியை அளங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் உங்கள் காதுவலி. பள்ளம் இருப்பதே பிழையாகாது. நெட்ஃபிளிக்ஸ் தனக்குத் தரப்படும் தடங்களில் வசனத்தின் சராசரி மைனஸ் 27-ஐ ஒட்டியும், உச்சம் மைனஸ் 2-க்குள்ளும் இருக்கச் சொல்கிறது. நடுவில் 25 டெசிபல் இடம் இருக்கிறது பாருங்கள்.

நீங்கள் டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் கேட்கிறவர் என்றால் இன்னொரு கட்டமும் இருக்கிறது. ஆறு சேனலை இரண்டாக மடிக்கும்போது சென்டரை 3 டெசிபல் குறைத்து இடது வலது இரண்டிலும் போடுவார்கள், சரவுண்டையும் அதே மாதிரி குறைத்து அந்தந்தப் பக்கத்தில் சேர்ப்பார்கள், எல்.எஃப்.ஈ.யைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சென்டரில் தனியாக, தெளிவாக நின்ற வசனம் இப்போது இசையோடும் மழையோடும் ஒரே ஸ்பீக்கரில் இடிபடுகிறது. எண் சரியாக இருந்தும் காதுக்கு எட்டாமல் போவது இங்கேதான். கருவியில் டவுன்மிக்ஸ் அமைப்பில் சென்டரைக் கூட்ட வழி இருந்தால் 3 டெசிபல் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பழைய படம். கோப்பில் இரண்டே சேனல். ஆனால் ரிசீவரில் போட்டால் பின்னாலிருந்தும் சத்தம் வருகிறது. எப்படி?

1970-களில் வந்த டால்பி ஸ்டீரியோ தந்த விளையாட்டு. ஃபிலிம் ஓரத்தில் இரண்டு தடத்துக்குத்தான் இடம். அதற்குள் நாலு சேனலை அடைத்தார்கள். சென்டரை இரண்டிலும் ஒரே மாதிரி போட்டார்கள். சரவுண்டை இரண்டிலும் எதிரெதிராகப் போட்டார்கள், ஒன்றில் அலை மேலே போனால் மற்றதில் கீழே போகும்படி. ரிசீவர் அந்த எதிர்ப்பை மோப்பம் பிடித்துப் பின்னால் அனுப்புகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து, வலதை இன்வெர்ட் செய்து, இரண்டையும் கலந்து கேளுங்கள். வசனம் கரைந்துபோய் ஒளித்துவைத்த சரவுண்ட் வெளியே வரும். பாட்டில் குரலை நீக்கி கரோக்கி செய்கிறார்களே, அதே வித்தை. வசனத்தின் 'ஸ', 'ஷ' மட்டும் விடாமல் சீறிக்கொண்டிருந்தால், ஃபிலிமை வாசித்தபோது இரண்டு தடங்களுக்கும் நடுவே மயிரிழை நேரம் பிசகியிருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: டால்பி அட்மாஸ் தடத்தைத் திறந்தால் வெறும் எட்டு சேனல்தான் தெரிகிறது. தலைக்கு மேல் பறக்கும் ஹெலிகாப்டர் எங்கே?

எட்டுக்குள்தான் இருக்கிறது. தியேட்டருக்கான அட்மாஸில் 128 தடங்கள் வரை வைக்கலாம். வீட்டுக்கு வரும் கோப்பில் அவை 7.1 அல்லது 5.1-க்குள் மடிக்கப்பட்டு, 'இந்தச் சத்தம் இந்த இடத்தில்' என்ற குறிப்பு தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். எஃப்எஃப்எம்பெக் அந்தக் குறிப்பைப் படிக்காமல் கடந்துபோகிறது. சத்தம் எதுவும் தொலைவதில்லை, முகவரி மட்டும் தொலைகிறது. மீடியாஇன்ஃபோ சில கோப்புகளில் எத்தனை ஆப்ஜெக்ட் (இடம் குறித்த தனிச் சத்தம்) என்று எண்ணிக்கையாவது சொல்லும்.

கேள்வி: இரண்டு மணி நேரப் படத்தின் 5.1 தடத்தை 24 பிட் வேவ் கோப்பாகச் சேமித்தேன். திறக்க மறுக்கிறது.

48000 ஹெர்ட்ஸ், ஆறு சேனல், இரண்டு மணி நேரம்: 6.2 ஜிபி. சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபி தாண்டாது. ஃப்ளாக் என்ற தரம் குறையாத வடிவத்தில் சேமியுங்கள், எட்டு சேனல் வரை தாங்கும். இல்லையென்றால் ஆறையும் ஆறு கோப்பாக.

போன இதழ் திருத்தம்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 'எல்.எஃப்.ஈ.யை சோலோ செய்து கேளுங்கள். அதில் பேச்சு தெளிவாகக் கேட்டால் போலி, கேட்காவிட்டால் அசல்' என்று எழுதியிருந்தேன். ஒலிப்பதிவு படிக்கும் மாணவி ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார். டால்பி டிஜிட்டல் அந்த ஒரு சேனலுக்கு மட்டும் மேல் தொனிகளைச் சேமிப்பதே இல்லை. முழு ஸ்டீரியோவையும் அதில் கொட்டினாலும் வெளியே வருவது அடித்தொனி மட்டும்தான், பேச்சு கேட்க வழியே இல்லை, பிறகு எப்படி அதை அசலுக்குச் சாட்சியாக வைக்கிறீர்கள் என்று கேட்கிறார். சுருக்காத தடத்திலிருந்து ஒன்றும், அதையே டால்பி டிஜிட்டலாக்கி ஒன்றுமாக இரண்டு ஸ்பெக்ட்ரோகிராம் படங்களையும் இணைத்திருக்கிறார். முதலாவதில் பேச்சு முழுசாக இருக்கிறது. இரண்டாவதில் கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும்.

அவர் சொல்வது சரி. பேச்சு கேட்டால் போலி என்ற பாதி நிற்கும். கேட்காவிட்டால் அசல் என்ற பாதியை அடித்துவிடுங்கள். கடிதம் வந்த அன்று இரவே, இந்த ஒரு சோதனையை நம்பி நான் அசல் என்று எழுதிக்கொடுத்த மூன்று டால்பி டிஜிட்டல் கோப்புகளைத் திரும்பத் திறந்தேன். இரண்டு தப்பின. மூன்றாவதில் ஒரு கதவு அறைகிறது; 15 மில்லிசெகண்ட் கழித்து, அதே கதவு பின்னாலும் அறைகிறது.